இன்னும் உறுதியில்லை, துவான்

கிள்ளான், பண்டமாரானில் எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் பெண்ணுக்குக் கடற்படை மீது ஆசை. பல்கலைக்கழகத்தில் பாலாப்பெஸ் என்ற சேமப்படை அதிகாரிப் பயிற்சியில் சேர்ந்தவள். சனி, ஞாயிறுகளில் கூடப் படிக்கும் பிள்ளைகள் பேரங்காடிகளில் சுற்ற, இவள் திடலில் அணிவகுத்துக் கறுத்துப்போய் வீடு திரும்புவாள். படிப்பு முடிந்ததும் கடற்படைக்கு விண்ணப்பிக்கப் போவதாகச் சொன்னபோது வீட்டில் பெரிய எதிர்ப்பு இல்லை. “உளவுப் பிரிவுக்குப் போகணும், அதுதான் என் குறி” என்று அவள் அடுத்த வாக்கியத்தைச் சொன்னபோதுதான் சட்டி பானை உருண்டது.

போன மாதம் பிரிக்பீல்ட்ஸ் துன் சம்பந்தன் சாலையில், வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றில், அவளுடைய தாய்மாமன் செலவில் ஒரு குடும்ப மாநாடு கூடியது. இடைநிலைப் பள்ளியில் முப்பது வருடம் சரித்திரம் சொல்லிக்கொடுத்தவன் என்ற தகுதியில் என்னையும் அழைத்திருந்தார்கள். “ஜேம்ஸ்பாண்ட் படம் பார்த்துக் கெட்டுட்டா சார்” என்றார் மாமா. “என்ன வேலைன்னு வெளியில சொல்ல முடியாதாம். பொண்ணு கேட்டு வர்றவங்ககிட்ட நான் என்னத்தச் சொல்றது?” என்றார் அம்மா. ஒட்டுக்கேட்பது பாவம் என்பது பாட்டியின் தீர்ப்பு. தாத்தா மட்டும் ரசத்தைக் கையில் வாங்கிக் குடித்துக்கொண்டிருந்தார்.

முதலில் பாண்டை ஒழித்துவிடலாம். அந்தப் பாத்திரத்தைப் படைத்த இயன் ஃபிளெமிங், இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் கடற்படை உளவுப் பிரிவில் வேலை பார்த்தவர். லண்டன் அட்மிரால்டியில் 39-ஆம் எண் அறை. பிரிவின் தலைவர் அட்மிரல் காட்ஃப்ரேக்கு உதவியாளர். மேசை, கோப்பு, தொலைபேசி, மறுபடியும் கோப்பு. துப்பாக்கியும் வேகக்காரும் போர் முடிந்த பின், ஜமைக்காவில் உட்கார்ந்து கதை எழுதியபோது வந்து சேர்ந்தவை.

அப்படியானால் இந்த வேலையில் என்னதான் செய்கிறார்கள்? கிள்ளான்காரர்களுக்கு அதைச் சொல்வது சுலபம். நமக்குக் கடல் என்றால் பூலாவ் கெத்தாமுக்குப் படகேறும் இடம், இல்லையென்றால் தஞ்சோங் ஹராப்பானில் மாலையில் நண்டு சாப்பிடும் இடம். அந்த நண்டுக் கடைக்கு அப்பால் இருப்பது ஏறத்தாழ 900 கிலோமீட்டர் நீளமுள்ள மலாக்கா நீரிணை. ஆண்டுக்கு 80,000-க்கு மேற்பட்ட கப்பல்கள், அதாவது நாளைக்கு இருநூறுக்குக் குறையாமல், அதன் வழியே போகின்றன. 1998 டிசம்பர் முதல் பெரிய கப்பல்கள் யார், எங்கிருந்து, எங்கே என்று கரைக்குக் கட்டாயம் அறிவிக்க வேண்டும். கிள்ளான் பகுதியில் அந்தக் குரல்களைக் கேட்பது நம் கடல்துறை. அறிவிப்பவர்களில் பெரும்பாலோர் உண்மைதான் சொல்கிறார்கள். சொல்லாத அந்த ஒன்றிரண்டு பேருக்காகத்தான் உளவு அதிகாரி சம்பளம் வாங்குகிறார்.

2015 ஜூன் 11. ஓர்கிம் ஹார்மனி என்ற எண்ணெய்க் கப்பல் மலாக்காவிலிருந்து குவாந்தானுக்குப் போகும் வழியில் ஜொகூர்க் கரைக்கு அப்பால் காணாமல் போனது. 22 மாலுமிகள், ஏறத்தாழ 6,000 டன் பெட்ரோல். நம் கடற்படையும் கடல்சார் அமலாக்க நிறுவனமும் தேடின; ஆஸ்திரேலிய விமானப்படை விமானமும் தேடியது. ஒரு வாரத்திற்குப் பிறகு வியட்நாம் பக்கத்துக் கடலில் ஒரு கப்பலைக் கண்டார்கள். அதன் உடம்பில் ‘கிம் ஹார்மன்’ என்று எழுதியிருந்தது. கொள்ளையர்கள் முழுப் பெயரையும் அழிக்கச் சிரமப்படவில்லை. முன்னால் இரண்டு ஆங்கில எழுத்து, பின்னால் ஒன்று, அவ்வளவுதான் வண்ணம் பூசி மறைத்திருந்தார்கள். கொள்ளையர் எட்டுப் பேர் உயிர்காப்புப் படகில் தப்பி ஓடி, வியட்நாமில் பிடிபட்டார்கள்.

இதை வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் சிரிப்பார்கள். ஆனால் வானத்திலிருந்து, மங்கலான படத்தில், கொடுத்த பட்டியலில் இல்லாத ஒரு பெயரைப் பார்க்கும்போது, “இது அதுவல்ல” என்று கடந்துபோவதுதான் மனித இயல்பு. பெயரை விட்டுவிட்டு உடம்பைப் பார்ப்பதற்குப் பயிற்சி வேண்டும்: கட்டளை மேடை எங்கே, புகைபோக்கி எந்த வடிவம், குழாய்கள் எப்படி ஓடுகின்றன. பெயர் மாறும், கொடி மாறும், முதலாளி மாறுவான். கப்பலுக்குக் கட்டும்போது கொடுக்கப்படும் ஏழு இலக்க ஐ.எம்.ஓ. எண் உடைக்கப்படும் வரை மாறாது. நம் அடையாள அட்டை எண் மாதிரி. அதையும் அழிக்கிறவன் உண்டு, தானியங்கி அடையாளக் கருவியை அணைத்துவிட்டு இருட்டில் போகிறவனும் உண்டு. 2024 ஜூலையில் ஜொகூருக்குக் கிழக்கே இரண்டு எண்ணெய்க் கப்பல்கள் மோதித் தீப்பற்றியபோது, அதில் ஒன்று இடத்தைவிட்டே நகர்ந்துபோய், இரண்டு நாள் கழித்து நம் அமலாக்கக் கப்பல்களால் மறிக்கப்பட்டது நினைவிருக்கலாம்.

இவ்வளவையும் பார்த்துவிட்டு இளம் அதிகாரி எழுதப்போவது பெரும்பாலும் அரைப் பக்கம். அதில் முக்கியமான இடம் ஓர் எழுத்தும் ஓர் எண்ணும். தகவல் தந்தவரை ‘ஏ’ முதல் ‘எஃப்’ வரை ஆறு தரமாகவும், தகவலை 1 முதல் 6 வரை ஆறு தரமாகவும் பிரிக்கும் முறை பிரிட்டிஷ் கடற்படையில் வளர்ந்து, இன்று உலகமெங்கும் உளவு அலுவலகங்களில் புழங்குகிறது. ஏ-1 என்றால் நம்பகமான ஆள், வேறு வழிகளிலும் உறுதியான செய்தி. எஃப்-6 என்றால் ஆளையும் எடைபோட முடியவில்லை, செய்தியையும் எடைபோட முடியவில்லை. ஆளும் செய்தியும் தனித்தனி என்பதுதான் இதன் சூட்சுமம். நல்லவன் தவறான செய்தி கொண்டுவருவான், திருடன் சரியான செய்தி கொண்டுவருவான்.

வள்ளுவரை இழுக்காமல் தமிழில் நடுப்பக்கம் எழுதக்கூடாது என்று சட்டமே இருப்பதால், அதையும் செய்துவிடுகிறேன். ஒற்றாடல் அதிகாரத்தில் அவர், ஒருவரை ஒருவர் அறியாத மூன்று ஒற்றர்களின் சொல் ஒத்துப்போனால் நம்பலாம் என்கிறார். எல்லோரும் மூன்று என்பதைப் பிடித்துக்கொள்கிறோம், ‘ஒருவரை ஒருவர் அறியாத’ என்பதை விட்டுவிடுகிறோம். என் குடும்ப வாட்ஸாப் குழுவில் ஒரே செய்தி நாலு பேரிடமிருந்து வருகிறது. நாலு பேருக்கும் அனுப்பியது ஈப்போவில் இருக்கும் ஒரே சித்தப்பா. அது நாலு சாட்சியல்ல, ஒரு சித்தப்பா.

இந்த எழுத்தும் எண்ணும் இல்லாமல் ஒரு செய்தி கடலுக்குப் போனால் என்ன ஆகும் என்பதை நாம் நெடுஞ்சாலையில் மூன்று மணி நேரம் ஓட்டிப்போய்ப் பார்க்கலாம். குவாந்தான், தெலுக் செம்பெடாக் கடற்கரை. 1941 டிசம்பர் 9 இரவு, பிரிட்டனின் பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ், ரிப்பல்ஸ் என்ற இரு பெரும் போர்க்கப்பல்கள் தென்சீனக் கடலில் தெற்கே சிங்கப்பூர் நோக்கித் திரும்பிக்கொண்டிருந்தன. ஜப்பானிய விமானங்கள் அவற்றைப் பார்த்துவிட்டதால் தளபதி அட்மிரல் ஃபிலிப்ஸ் தாக்குதல் திட்டத்தைக் கைவிட்டிருந்தார். அப்போது சிங்கப்பூரிலிருந்து செய்தி வந்தது: குவாந்தானில் எதிரி தரையிறங்குவதாகத் தகவல். அவர் கப்பல்களைக் குவாந்தான் பக்கம் திருப்பினார். விடிந்ததும் எக்ஸ்பிரஸ் என்ற நாசகாரிக் கப்பல் துறைமுகத்தை எட்டிப் பார்த்தது. அங்கே ஒன்றுமில்லை. கடற்கரைக் கண்ணிவெடிகளில் எருமைகள் மிதித்து வெடித்த சத்தம்தான் படையெடுப்பாகத் தெரிந்தது என்று ஒரு கதை உண்டு. எருமை நிஜமோ பொய்யோ, தரையிறக்கம் பொய். அந்தத் திருப்பத்தில் போன நேரத்தில், சைகோன் பக்கத்துத் தளங்களிலிருந்து கிளம்பிய ஜப்பானிய விமானங்கள் அவர்களைக் கண்டுபிடித்தன. டிசம்பர் 10 பகல் இரண்டு மணிக்குள் இரண்டு கப்பலும் கடலுக்கடியில். 840 பேர் செத்தார்கள்.

ஃபிலிப்ஸ் வானொலி மௌனம் காத்தார், விமானப் பாதுகாப்பு கேட்கவில்லை, ஜப்பானிய விமானங்களால் அவ்வளவு தூரம் வந்து டார்ப்பிடோ போட முடியாது என்ற நினைப்பு பிரிட்டிஷ்காரர்களிடம் ஊறியிருந்தது. காரணங்கள் பல. ஆனாலும் முப்பது வருடம் இதைப் பாடமாக நடத்தியவன் என்ற முறையில் எனக்கு ஒரு கேள்வி விலகியதே இல்லை. அந்த இரவில் அந்தச் செய்தியின் ஓரத்தில் யாராவது ஓர் இளம் அதிகாரி ‘ஒரே இடத்திலிருந்து வந்தது, சரிபார்க்கப்படவில்லை’ என்று எழுதியிருந்தால்?

எழுதினாலும் மேலே கேட்பார்களா என்பது அடுத்த கேள்வி. 1940-ல் ஹாரி ஹின்ஸ்லிக்கு வயது 21, கேம்பிரிட்ஜ் படிப்பைப் பாதியில் விட்டு, பிளெட்ச்லி பார்க் என்ற சங்கேதம் உடைக்கும் நிலையத்துக்கு வந்தவர். ஜெர்மன் கடற்படையின் சங்கேதம் அப்போது உடைபடவில்லை. ஆனால் வானொலிப் போக்குவரத்தின் சாயல் மாறியிருப்பதைக் கவனித்தார். பெரிய கப்பல்கள் பால்டிக் கடலைவிட்டு வெளியே வரப்போகின்றன என்று அட்மிரால்டிக்குத் தொலைபேசியில் திரும்பத் திரும்பச் சொன்னார். தலைமுடி நீண்ட ஒரு மாணவனின் பேச்சை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை. ஜூன் 8-ஆம் தேதி நார்வேக்கு அப்பால் குளோரியஸ் என்ற விமானந்தாங்கியும் இரண்டு துணைக்கப்பல்களும் மூழ்கடிக்கப்பட்டன. 1,500-க்கு மேற்பட்டோர் இறந்தனர். அதற்குப் பிறகு அவர் தொலைபேசியில் பேசினால் கேட்டார்கள்.

‘உறுதியில்லை’ என்று சொல்லி ஒதுங்கிக்கொள்வதும் வேலையல்ல. 1942 ஜூலையில் பிக்யூ-17 என்ற வணிகக் கப்பல் அணி ஆர்க்டிக் வழியாக ரஷ்யாவுக்குப் போய்க்கொண்டிருந்தது. டிர்பிட்ஸ் என்ற ஜெர்மன் போர்க்கப்பல் இன்னும் நார்வேத் துறைமுகத்தில்தான் இருக்கிறது என்று உறுதி தர முடியுமா என்று கடற்படைத் தலைவர் பவுண்ட், உளவு அதிகாரி டென்னிங்கைக் கேட்டார். முழு உறுதி தர அவரால் முடியவில்லை. அது கிளம்பவில்லை என்றே அவர் நம்பினார், அதற்குக் காரணங்களும் வைத்திருந்தார். விரிவாகச் சொல்ல வாய்ப்புக் கிடைக்கவில்லை. அணியைக் கலைந்துபோகச் சொல்லி உத்தரவு போனது. தனித்தனியே சிதறிய கப்பல்களை விமானங்களும் நீர்மூழ்கிகளும் வேட்டையாடின. 24 கப்பல்கள் போயின. டிர்பிட்ஸ் அந்த நேரம் துறைமுகத்தில்தான் இருந்தது. எனவே பாதி வாக்கியத்தோடு நிறுத்தக்கூடாது. ‘இன்னும் உறுதியில்லை, துவான். ஆனால் நான் நினைப்பது இது, காரணம் இது.’ இந்த முழு வாக்கியத்தை, தோளில் மூன்று பட்டை அதிகம் உள்ளவர் முகத்துக்கு நேரே, குரல் நடுங்காமல் சொல்லத் தெரிய வேண்டும்.

நம் வீட்டுக் கதைக்கு வருகிறேன். 2014 மார்ச் 8 அதிகாலையில் எம்.எச்.370 விமானம் திரும்பிவந்து தீபகற்பத்தைக் குறுக்கே கடந்து மலாக்கா நீரிணைக்கு மேல் போனது ராணுவ ரேடாரில் பதிவாகியிருந்தது. பகை விமானம் அல்ல என்று கருதப்பட்டதால் பார்த்துவர எதுவும் அனுப்பப்படவில்லை. தென்சீனக் கடலில் தேடல் ஒரு வாரம் நடந்தது. அன்று அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தவரைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. பின்னிரவில் தெரியும் ஒரு புள்ளியை ‘நம்முடையதாகத்தான் இருக்கும்’ என்று நினைப்பதற்கும், மேலதிகாரியைத் தூக்கத்திலிருந்து எழுப்பி ‘என்னவென்று தெரியவில்லை’ என்று சொல்வதற்கும் இடையில் உள்ள தூரம், உட்கார்ந்து பார்த்தவருக்குத்தான் தெரியும்.

அந்தத் தூரத்தை நம் பிள்ளைகளுக்கு இன்னும் நீளமாக்குகிறவர்கள் நாம்தான். பெரியவர் பேசும்போது குறுக்கே பேசாதே என்று சொல்லி வளர்க்கிறோம். கேள்வி கேட்கும் பெண் பிள்ளைக்கு வாயாடி என்று பெயர். பெற்றோரை மட்டும் சொல்வானேன், என் பங்கையும் ஒப்புக்கொள்கிறேன். எஸ்பிஎம் சரித்திரத் தாளுக்கு முன்னால் ஒவ்வோர் ஆண்டும் நான் சொன்ன அறிவுரை: “தெரியாட்டியும் காலியா விடாதே, எதையாவது எழுதி வை, ஒரு மார்க்காவது வரும்.” என் மாணவர்களில் பலர் அப்படித்தான் தேறினார்கள். தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுதும் கலையை முப்பது வருடம் கற்றுக்கொடுத்திருக்கிறேன். உளவு அதிகாரிக்கு அதைவிடக் கெட்ட பழக்கம் வேறில்லை.

பாட்டியின் ‘பாவம்’ எங்கிருந்து வந்தது என்பதும் எனக்குத் தெரியும். இந்த மண்ணின் இந்தியர்களுக்கு உளவு என்ற சொல்லோடு ஒரு பழைய ரத்தக்கறை ஒட்டியிருக்கிறது. 1942-ல் பினாங்கில் இந்திய சுதந்திரக் கழகத்தார் நடத்திய சுவராஜ் பயிற்சி நிலையத்தில் மலாயா இளைஞர்கள் ரகசிய வேலைக்குப் பழக்கப்பட்டு, சிலர் ஜப்பானிய நீர்மூழ்கியில் மலபார்க் கரைக்கு அனுப்பப்பட்டார்கள். விரைவிலேயே பிடிபட்டார்கள். அங்கே பயிற்சி பெற்றவர்களில் வக்கம் அப்துல் காதர் உள்ளிட்ட நால்வர் 1943 செப்டம்பர் 10 அன்று சென்னைச் சிறையில் தூக்கிலிடப்பட்டனர். துணிச்சலுக்கு அவர்களிடம் குறைவில்லை. தொழிலைக் கற்றுக்கொள்ளத்தான் யாரும் அவகாசம் தரவில்லை.

கடற்படை நம்மவர்களுக்கு ஒத்துவராது என்று மாமா சொன்னதற்கும் பதில் உண்டு. டான்ஸ்ரீ கே. தனபாலசிங்கம் 1955-ல் சேர்ந்தார், இங்கிலாந்தின் டார்ட்மவுத் கல்லூரியில் பயின்றார். 1967 டிசம்பர் 1 அன்று, 31 வயதில், நம் கடற்படையின் முதல் மலேசியத் தலைவரானார். அதுவரை அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் பிரிட்டிஷ்காரர்களும் ஆஸ்திரேலியர்களும். 1976 வரை அவர்தான் தலைவர். ஆனால் இந்தப் பெயரையே ஐம்பது வருடமாக மேடையில் சொல்லிச் சொல்லிக் கைதட்டுவது எனக்கு அலுத்துவிட்டது. இந்தியப் பிள்ளைகள் படையில் சேர்வதில்லை என்று படைத்தரப்பினர் சொல்கிறார்கள், சேர்த்துக்கொள்வதில்லை என்று நாம் சொல்கிறோம். தற்காப்பு அமைச்சு ஆண்டுதோறும் இரண்டு எண்ணையும் சேர்த்து வெளியிடட்டும்: எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள், எத்தனை பேர் எடுக்கப்பட்டார்கள். ஒரு எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு சண்டை போடுவது எஃப்-6 வேலை.

இடஒதுக்கீட்டுக்காக இதைச் சொல்லவில்லை. கிள்ளான் பிள்ளைக்கு மலாய், தமிழ், ஆங்கிலம் மூன்றும் வரும், சந்தை ஹொக்கியனும் கொஞ்சம் காதில் விழும். நீரிணையில் போகும் கப்பல்களில் இந்திய மாலுமிகள் நிறைய. வானொலியில் கேட்கும் ஆங்கிலத்துக்குள் எந்த ஊர் இருக்கிறது என்று ஊகிக்கும் காது ஒரு கருவி. அதைவிட, ஒரே பள்ளியில் படித்து ஒரே மாதிரி நினைக்கும் பத்துப் பேர் அறையில், வேறு மாதிரி வளர்ந்த ஒருவர் இருந்தால் “அது எப்படி?” என்று ஒரு கேள்வியாவது கூடுதலாக எழும்.

அமெரிக்கக் கடற்படையில் நேரடியாகவே உளவு அதிகாரியாகச் சேர்ந்து, விர்ஜினியாவில் டாம் நெக் என்ற இடத்தில் பயிற்சி பெறலாம். இங்கே எந்தப் பிரிவுக்குப் போக ஆசைப்பட்டாலும் முதலில் நல்ல கடலோடியாகத் தேறுவதுதான் நல்லது என்று அவளிடம் சொன்னேன். லுமுட் கடற்படைத் தளத்தில் இடுப்பொடிய வேண்டும், கப்பலில் நடுராத்திரிக் காவலில் தூக்கத்தோடு மல்லாட வேண்டும். கப்பல் ஆடுவது எப்படி இருக்கும் என்று தெரியாதவர் கப்பலைப் பற்றி எழுதும் அறிக்கையை ஒரு கப்டன் முதல் வரியிலேயே கண்டுபிடித்துவிடுவார்.

அம்மாவின் கவலைக்கு மட்டும் என்னிடம் நல்ல பதில் இல்லை. 1972-ஆம் ஆண்டு அதிகாரத்துவ ரகசியச் சட்டம் விளையாட்டல்ல; மீறினால் ஓராண்டிலிருந்து ஏழாண்டு வரை சிறை. மகள் எந்த அறையில் உட்கார்ந்து எதைப் பார்க்கிறாள் என்று அம்மாவுக்குத் தெரியாது. அப்பா மாமாக் கடையில் தே தாரே குடித்துக்கொண்டு பெருமையடிக்க முடியாது. 2019 டிசம்பரில் இந்தியக் கடற்படையின் மாலுமிகள் ஏழு பேர், முகநூலில் பெண் பெயரில் வந்தவர்களிடம் கப்பல்களின் நடமாட்டத்தைச் சொன்னதாகக் கைதானார்கள். அதற்குப் பிறகு அங்கே தளங்களிலும் கப்பல்களிலும் கைப்பேசிக்கும் சமூக ஊடகங்களுக்கும் தடை வந்தது. சீருடையில் ஒரு படம், பின்னால் ஒரு துறைமுகம், கீழே நூறு ‘லைக்’. அவ்வளவு போதும். பெண் கேட்டு வருகிறவர்களிடம் அரசாங்க வேலை என்று சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அம்மா சமாதானமானதாகத் தெரியவில்லை.

தாத்தா கடைசியாக வாயைத் திறந்தது கை கழுவிவிட்டு வந்த பிறகு. அவர் போர்ட் கிள்ளான், போர்ட் சுவெட்டன்ஹாமாக இருந்த காலத்திலிருந்து அங்கே டேலி கிராணி. மூட்டை இறங்க இறங்க நான்கு கோடு போட்டு, ஐந்தாவதற்குக் குறுக்கே ஒரு கோடு இழுத்து எண்ணிய தலைமுறை. “காகிதத்துல ஒண்ணு இருக்கும், கப்பல்ல ஒண்ணு இருக்கும்” என்றார். “நான் பார்த்ததும் இதே வேலைதான். சம்பளம்தான் கம்மி.” மாமா பில்லுக்குப் பணம் கொடுக்கப் போய்விட்டார்.

போன ஞாயிறு தாத்தா, பேத்தி, நான் மூவரும் தஞ்சோங் ஹராப்பானில் உட்கார்ந்திருந்தோம். ஒரு கொள்கலன் கப்பல் வெளியே போய்க்கொண்டிருந்தது. மேல்தளத்தில் பெட்டிகள் மலைமாதிரி.

“அது நிறைஞ்சா போகுது, காலியா போகுது?” என்றார் தாத்தா.

அவள் கொஞ்ச நேரம் பார்த்தாள். “பெட்டி நிறைய இருக்கு. ஆனா அடியில சிவப்புச் சாயம் நல்லா மேல தெரியுது. பாதிப் பெட்டி காலியா இருக்கணும்.”

“நிச்சயமாவா?”

“இல்ல தாத்தா. முன்பக்கம் திரும்பட்டும், ஆழக் குறி நம்பரைப் படிச்சுட்டுச் சொல்றேன்.”

கப்பல் திரும்ப இருபது நிமிடம் ஆனது. இரண்டு பேரும் கண்ணெடுக்காமல் காத்திருந்தார்கள். எனக்குத்தான் நண்டு ஆறிப்போனது.